யாரைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதுவது?

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூரைத் தாண்டிப் போனால் சேதுராப்பட்டி. அந்தச் சின்ன ஊரில் இரண்டு பொறியியல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி. 2013இல் தமிழக அரசு தொடங்கியது. காவிரிக்குத் தெற்கே இவ்வளவு தள்ளி இருக்கும் கல்லூரிக்கு ஸ்ரீரங்கம் என்ற பெயர் சட்டமன்றத் தொகுதியால் வந்தது. அப்போது அந்தத் தொகுதியின் உறுப்பினர் முதலமைச்சர் ஜெயலலிதா. மற்றது திருச்சி ஐஐஐடி. அதுவும் 2013இல் உருவானதுதான். மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 35, தொழில் நிறுவனங்கள் 15 என்று பங்கு பிரித்துக்கொண்டு தொடங்கினார்கள். அரசுக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாகப் பிறந்தது. அதன் சிலபஸ் பல்கலைக்கழகம் இருக்கும் சென்னைக் கிண்டியிலிருந்து வந்தது. ஐஐஐடி, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, தன் பாடத்தைத் தன் செனட்டிலேயே முடிவு செய்கிறது.

இரண்டு இடத்திலும் சொல்லித்தருவது அதே ஃபோரியர் தொடர், அதே சி மொழி. ஆனால் பாடத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு ஆசிரியர் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போனால் போதும். இன்னொருவர் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குழு கூடும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

பொறியியல் பாடத்திட்டச் சீர்திருத்த அறிக்கை எதை எடுத்தாலும் அதில் 'ஒத்த பல்கலைக்கழகங்களோடு ஒப்பீடு' என்று ஒரு அத்தியாயம் தவறாமல் இருக்கும். அது வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டின் பெரிய பொறியியல் நிறுவனங்கள் பலவும் யாரையோ பார்த்துத்தான் தங்களை அமைத்துக்கொண்டன. ஆனால் யாரை ஒத்தவர் என்கிறோம், எதை எதோடு ஒப்பிடுகிறோம், ஒப்பிட்டபின் என்ன செய்கிறோம் என்ற மூன்றிலும் கோளாறு இருக்கிறது. சேதுராப்பட்டியில் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு வளாகங்களே அதைக் காட்டப் போதும்.

நடைமுறையில் ஒப்பீடு எப்படி நடக்கிறது என்பது பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் துறையின் இளைய ஆசிரியர் ஒருவர் தலையில் அந்த வேலை விழும். அவர் எக்செலில் ஓர் அட்டவணை போடுவார். மேலே ஐஐடி சென்னை, என்ஐடி திருச்சி, அண்ணா பல்கலைக்கழகம், பெருமைக்கு ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம். இடப்பக்கம் பாடங்களின் பெயர்கள். எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் டிக். மூன்று டிக் விழுந்த பாடம் நம்மிடம் இல்லையென்றால் 'கேப்'. கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த நிபுணர் அதைச் சுட்டிக்காட்டுவார். ஒரு புது எலெக்டிவ் சேரும். தேநீர் வரும். எந்தப் பாடத்தை எடுப்பது என்ற கேள்வி மட்டும் வராது; எடுத்தால் அதை இருபது வருடமாக நடத்திவருகிறவர் கோபித்துக்கொள்வார்.

இந்த அட்டவணை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மற்றவர்கள் என்ன பெயரில் பாடம் வைத்திருக்கிறார்கள் என்பது. ஏன் வைத்தார்கள், யார் நடத்துகிறார், மாணவர் அதற்குமுன் என்ன படித்திருக்க வேண்டும், தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதில் ஒன்றுகூட அதில் தெரியாது.

கடன் வாங்கிய பழைய கதைகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான குழு 1946இல் அமெரிக்க எம்ஐடியை முன்மாதிரியாக வைத்து நாட்டில் நான்கு உயர்நிலைத் தொழில்நுட்ப நிறுவனங்கள் வேண்டும் என்றது. அதிலிருந்து ஐஐடிகள் பிறந்தன. சென்னை ஐஐடிக்கு 1959இல் ஜெர்மனி கைகொடுத்தது. கான்பூருக்கு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக உதவின. அந்த ஒன்பதில் எம்ஐடி, கால்டெக், பிரின்ஸ்டன், பெர்க்லி எல்லாம் அடக்கம். கான்பூருக்கு அவர்கள் சிலபஸ் புத்தகத்தை மட்டும் தபாலில் அனுப்பவில்லை. பேராசிரியர்கள் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். 1963இல் ஒரு ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. அதைச் சுற்றி வகுப்புகள் உருவாயின. பாடத்தோடு அதை நடத்தும் ஆள், கருவி, பழக்கம் மூன்றும் சேர்ந்து வந்ததால் அது வேர்பிடித்தது.

பிலானியின் பிட்ஸ் கதையும் அதுவே. ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில், எம்ஐடியின் ஆலோசனையோடு அறுபதுகளில் தன்னைத் திருத்திக்கொண்ட நிறுவனம் அது. 1973இல் அங்கே 'பிராக்டிஸ் ஸ்கூல்' தொடங்கியது. மாணவர் ஒரு கோடை விடுமுறையில் இரண்டு மாதமும், பிறகு ஏறக்குறைய ஒரு முழுப் பருவமும் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்ய வேண்டும். கல்லூரி ஆசிரியரும் கூடவே மேற்பார்ப்பார். இதற்கு மூலம், எம்ஐடியின் வேதிப் பொறியியல் துறை 1916இல் தொடங்கிய ஆலைப் பயிற்சிப் பள்ளி. அங்கே ஒரு துறைக்கு மட்டும் இருந்ததைப் பிலானி எல்லாத் துறைக்கும் விரித்தது. பார்த்ததைத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோயம்புத்தூர் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கியபோது அதன் பக்கத்திலேயே 1926 முதல் இயங்கிவந்த பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் இருந்தது. பம்பும் மோட்டாரும் செய்யும் அந்தப் பட்டறையை நம்பித்தான் ஐந்து வருட 'சாண்ட்விச்' படிப்பு அங்கே நிலைத்தது. பட்டறை இல்லாத கல்லூரி அந்தச் சிலபஸை மட்டும் நகலெடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது குரோம்பேட்டை எம்ஐடி. சி. ராஜம் 1949இல் அதைத் தொடங்கியபோது நாட்டிலிருந்த பொறியியல் கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல்தான் முக்கியம். அவர் ஒப்பிட்டுப் பார்த்து நான்காவதாக ஒரு சிவில் துறை வைக்கவில்லை. விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று மற்றவர் அதிகம் தொடாததைத் தொட்டார். பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து மூன்று வருடம் பொறியியல் சொல்லிக்கொடுத்தார். அறிவியல் முதலில், தொழில் பிறகு என்ற ஏற்பாடு. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ராமேசுவரத்து அப்துல் கலாமும் உண்டு, ஸ்ரீரங்கத்து ரங்கராஜனும் உண்டு. பின்னவரை நாம் எழுத்தாளர் சுஜாதா என்று அறிவோம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவர் பங்கு இருந்தது. டிக் அட்டவணை போட்டிருந்தால் 1949இல் எலெக்ட்ரானிக்ஸுக்கு நேரே எத்தனை டிக் விழுந்திருக்கும்?

திருச்சி என்ஐடியின் கதை இதிலிருந்து வேறு தினுசு. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாக, மத்திய மாநில அரசுகளின் கூட்டு முயற்சியாகத் துவாக்குடியில் அது தொடங்கியது. முதல் முதல்வர் பி. எஸ். மணிசுந்தரம், பிறகு 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் துணைவேந்தரும் அவர்தான். இன்று மற்றவர்கள் அட்டவணையின் உச்சியில் வைக்கும் இந்த நிறுவனம், 2003இல் என்ஐடி ஆகி நிகர்நிலைத் தகுதி பெறும்வரை, முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், பிறகு பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று வேறொருவர் கொடுக்கும் பட்டத்தையே தன் மாணவருக்கு வாங்கிக்கொடுத்தது. அதாவது நாற்பது வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அதுவும் ஓர் இணைப்புக் கல்லூரிதான். மஷேல்கர் குழு 1998இல் மண்டலக் கல்லூரிகளை ஆராய்ந்து பரிந்துரைத்த மாற்றத்தின் சாரம் அதிகாரம் கைமாறுவது பற்றியதே. பாடப்பட்டியல் அதற்குப் பின்னால் வந்தது. மைனர், ஆனர்ஸ் என்று மாணவர் தேர்ந்துகொள்ளும் நெகிழ்வான பாடத்திட்டம் அங்கே வந்ததும் அதிகாரம் தன் செனட் கைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான்.

ஒப்பீடு செய்பவர்கள் பார்க்காமல் விடுவது இந்த அதிகாரத்தைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள். தன்னாட்சி பெறாதவற்றுக்கு ஒரு ரெகுலேஷன், அதாவது பாடமும் தேர்வும் பற்றிய விதித்தொகுப்பு. 2013, 2017, 2021 என்று நாலு வருடத்துக்கு ஒருமுறை மாறிவந்தது. கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களில் படிக்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர்களுக்கு வேறு ரெகுலேஷன். ஒரே பல்கலைக்கழகமே தன் வளாகத்துக்கு ஒன்று, வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று என்று வைத்திருக்கும்போது, இரண்டையும் 'அண்ணா பல்கலைக்கழகம்' என்ற ஒரே பத்தியில் போட்டு டிக் அடிப்பது என்ன ஒப்பீடு?

இன்னொரு சம்பவத்தை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டது. சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, பிறகு மதுரை என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. திருச்சிக்கென்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், திருச்சிக்கென்று ஒரு சிலபஸ். 2012க்குள் எல்லாம் மறுபடி ஒன்றாகிவிட்டன. ஒரே மாநிலம், ஒரே பிளஸ் டூ, ஒரே கவுன்சலிங், ஆனால் வெவ்வேறு பாடத்திட்டம். ஒத்தவர்களை ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு உலகத்தில் எங்கும் அமையாது. அந்தக் காலத்து வினாத்தாள்களும் தேர்ச்சிப் பதிவுகளும் பல்கலைக்கழகத்திடம் இருக்கும். கல்வியியலில் ஆராய்ச்சி செய்ய நல்ல தலைப்பு தேடுகிறவர்கள் முதலில் அங்கே போகலாம்.

அடுத்தது எண்கள். ஒப்பீட்டில் மிகவும் ஏமாற்றுவது கிரெடிட். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் நான்கு வருடப் படிப்பை 160 கிரெடிட்டாகக் குறைத்தது. அதற்குமுன் பல இடங்களில் 180, 190 என்று இருந்தது. நல்ல முடிவு. ஆனால் நம் கிரெடிட் வகுப்பறை நேரத்தைக் கணக்கிடுவது: வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒன்று, இரண்டு மணி நேர லேபுக்கு ஒன்று. ஐரோப்பாவின் கிரெடிட் மாணவரின் மொத்த உழைப்பைக் கணக்கிடுகிறது; ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர வேலை, வருடத்துக்கு 60 கிரெடிட். இதில் நூலகம், வீட்டுப்பாடம், குழுவேலை எல்லாம் சேரும். எனவே அவர்களுடைய 240ஐயும் நம்முடைய 160ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது.

அமெரிக்க எம்ஐடியில் இதைவிட வேடிக்கை. அங்கே பாடத்துக்கு எதிரே 4-0-8, 3-2-7 என்று மூன்று எண்கள் இருக்கும். நம்மிடமும் எல்-டி-பி என்று மூன்று எண்கள். நமக்கு மூன்றாவது எண் பிராக்டிகல். அவர்களுக்கு அது வகுப்புக்கு வெளியே மாணவர் தானாகப் படிக்க வேண்டிய நேரம். வாரம் எட்டு மணி நேர லேப் என்று நினைத்து யாராவது வியந்தால் குற்றம் சொல்ல முடியாது. இந்த வேறுபாட்டில்தான் விஷயமே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் நாலரைக்குக் கல்லூரிப் பஸ் ஏறி, லால்குடிக்கோ மணப்பாறைக்கோ ஆறு மணிக்கு வீடு சேரும் மாணவருக்கு அந்த மூன்றாவது எண்ணை எங்கிருந்து கொண்டுவருவது? வகுப்பு நேரத்தைக் குறைக்காமல் வெளிநாட்டுப் பாடத்தைச் சேர்த்தால், மாணவர் எழுதும் ரெக்கார்டு நோட்டின் எண்ணிக்கைதான் கூடும்.

இன்னொரு ஏமாற்று, தரவரிசை. 'நமக்கு மேலே இருப்பவர்களைப் பார்' என்பது எல்லாக் கல்லூரி நிர்வாகத்துக்கும் பிடித்த வாசகம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வருகிறது. கற்பித்தலும் வளங்களும் 30, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றவர் நிலை 20, அனைவரையும் சேர்த்துக்கொள்வது 10, பெயர் 10 என்று எடை. சிலபஸ் எப்படி என்பதற்கு இதில் இடமே இல்லை. முதல் தலைப்பிலும் ஆசிரியர் எண்ணிக்கை, அவர்களின் தகுதி, செலவிட்ட பணம் போன்றவையே கணக்கு. என்ஐடி திருச்சி என்ஐடிகளில் தொடர்ந்து முதலிடம் பிடிப்பது அந்த நிறுவனத்துக்குப் பெருமை. அதன் மூன்றாம் பருவத் தெர்மோடைனமிக்ஸ் பாடம் நமக்குப் பொருந்துமா என்பதற்கு அந்த இடம் பதில் ஆகாது.

அப்படியானால் ஒத்தவர் யார்? உள்ளே வரும் மாணவரை வைத்துத் தொடங்குவதே நேர்மை. துவாக்குடிக்கும் ஐஐஐடிக்கும் ஜேஇஇ வழியாக வருகிறார்கள். தமிழக அரசு 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வை எடுத்துவிட்டது. இணைப்புக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. 2021இலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. நல்ல ஏற்பாடு, தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் வகுப்பில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் திறக்கும் மாணவர்கள் பலர் இதில் வருகிறார்கள். அவர்களுக்கு முதல் பருவம் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஐஐடியின் கையேட்டில் விடை கிடைக்காது. மேலும் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் 2018இலும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் 2019இலும் மாறின. புதிய புத்தகம் பழையதைவிடக் கனமானது. கல்லூரி முதலாண்டுக் கணக்குப் பாடம் அந்தப் புத்தகத்தோடு ஒப்பிடப்பட வேண்டும். எம்ஐடியைவிட அதுதான் முக்கியமான ஒப்பீடு, அதற்குப் பாடநூல் கழகத்தில் சில நூறு ரூபாய் செலவழித்தால் போதும்.

அடுத்து ஆசிரியர். ஏஐசிடிஇ 2018இல் இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் போதும் என்று விதியைத் தளர்த்தியது. அதற்குமுன் பதினைந்துக்கு ஒருவர். பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் எல்லாரும் அமெரிக்காவின் ஆலின் கல்லூரியைச் சொல்வார்கள். 2001இல் முப்பது மாணவர்களை ஒரு வருடம் முன்கூட்டியே வரவழைத்து, அவர்களைக் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தையே சோதித்து எழுதினார்கள். அருமையான காரியம். ஆனால் அந்தக் கல்லூரியின் மொத்த மாணவர்களே நானூறுக்குக் குறைவு. நம் பெரிய கல்லூரிகள் சிலவற்றில் ஒரு வருடத்துக் கணினித் துறையே அவ்வளவு இருக்கிறது.

ரூத் கிரஹாம் 2018இல் எம்ஐடிக்காக எழுதிய உலகப் பொறியியல் கல்வி அறிக்கை இந்த இடத்தில் உதவும். ஆலின், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, டென்மார்க்கின் ஆல்போர்க் ஆகியவற்றின் பெயர் அதில் அடிபட்டாலும், இனிவரும் சவால் பெரிய எண்ணிக்கையில், இறுக்கமான பணத்தில் இதைச் செய்வதே என்று அது கவனமாகச் சொல்கிறது. அந்த வகையில் நமக்கு அருகில் வருவது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ். அங்கே 2014இல் பல துறைகளுக்கும் பொதுவாக ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்தார்கள். வழக்கமான வகுப்புகளை நிறுத்திவிட்டு, படித்ததை வைத்து ஒரு முழு வாரம் ஒரு சிக்கலைத் தீர்க்கும் ஏற்பாடு. புதுக் கட்டடமோ புது ஆசிரியர் படையோ இதற்கு வேண்டாம், கால அட்டவணையைத் திறக்கும் துணிச்சல் வேண்டும். 1974இல் தொடங்கிய ஆல்போர்க் தன் மாணவர் நேரத்தில் ஏறக்குறைய பாதியைக் குழுத் திட்டப்பணிக்கு விடுகிறது; அதைப் படித்து மகிழலாம், இப்போதைக்கு எடுத்துவர முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, எம்ஐடியும் சுவீடன் பல்கலைக்கழகங்களும் பொறியியல் கல்வியைச் சீரமைக்கத் தொடங்கிய சிடிஐஓ கூட்டமைப்பில் சேர்ந்திருக்கிறது. நூற்று முப்பது கிலோமீட்டரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி இதை எப்படிச் செய்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவரலாம். ஒரு நாள் வேலை.

அட்டவணையில் இடமே பெறாத ஓர் ஒத்தவரைச் சொல்கிறேன்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். கிளிநொச்சி அறிவியல் நகரில், சேதுராப்பட்டிக் கல்லூரிகள் உருவான அதே காலத்தில், போரில் நொறுங்கிய மாவட்டத்தில் தொடங்கியது. அரசு நிறுவனம், சுற்றிலும் பெரிய ஆலைகள் குறைவு, சொல்லிக்கொடுப்பது ஆங்கிலத்தில், சுற்றியிருப்பவர் பேசுவது தமிழ். இந்தியாவும் இலங்கையும், நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்க வகைசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது ஒரே ஆண்டில், 2014இல். அங்கீகாரத்துக்காக இரண்டு நாடும் காட்ட வேண்டிய திறன்களின் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. ஸ்ரீரங்கம் அரசுக் கல்லூரியின் சிவில் துறை பெர்க்லியைப் பார்ப்பதைவிடக் கிளிநொச்சியைப் பார்ப்பதில் அதிகம் கற்கும் என்பது என் துணிபு.

இனி, எதை ஒப்பிடுவது என்பதற்கு வருவோம். என்னைக் கேட்டால் முதலில் வினாத்தாள். 2021 ரெகுலேஷனில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியின் மூன்று கிரெடிட் தியரிப் பாடம் எதையும் திறந்து பாருங்கள்: ஐந்து யூனிட், யூனிட்டுக்கு ஒன்பது மணி நேரம், ஆகமொத்தம் 45. திரவ இயக்கவியலானாலும் சரி, தொழில்முனைவோர் மேம்பாடானாலும் சரி, ஐந்தாகத்தான் பிளக்க வேண்டும். வினாத்தாளும் அதே அச்சு: இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி யூனிட்டுக்கு ஒன்று, 'அல்லது' போட்டு. கடைசியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவ்வளவு நல்ல பாடத்தைக் கொண்டுவந்தாலும் இந்த ஐந்து கண்ணிச் சல்லடையில் இறங்கித்தான் வர வேண்டும். இறங்கி வரும்போது அது பழைய பாடம் மாதிரியே ஆகிவிடுகிறது. அதை எழுதியவருக்கே அடையாளம் தெரியாது. மாணவரும் மக்கு இல்லை. ஐந்தாவது யூனிட்டைத் தொடாமலே தேறலாம் என்று முதல் வருடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்.

2021 ரெகுலேஷனில் செய்த மிகப்பெரிய சீர்திருத்தம் என்று நான் நினைப்பது புதுப் பாடங்களோ எலெக்டிவ்களை வரிசைப்படுத்தியதோ அல்ல. தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் மதிப்பெண் 20இலிருந்து 40ஆக உயர்ந்தது. இறுதித்தேர்வு 80இலிருந்து 60ஆகக் குறைந்தது. ஒரு வரி மாற்றம். ஆனால் அது மேலும் இருபது மதிப்பெண்ணைக் கிண்டியிலிருந்து சேதுராப்பட்டி ஆசிரியர் கைக்கு மாற்றியது. கையிலிருக்கும் நாற்பதை அவர் என்ன செய்கிறார் என்பதே இப்போது பார்க்க வேண்டியது. பழைய வினாத்தாளின் சிறு பிரதியை மூன்று முறை நடத்தி மதிப்பெண் போட்டால், அதிகாரம் வந்தும் பயனில்லை. கள ஆய்வு, திட்டப்பணி, திறந்த புத்தகத் தேர்வு என்று செய்தால் தன்னாட்சியின் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

கடைசியாக, எந்த ஒப்பீட்டிலும் தெரியவராத ஒன்று இருக்கிறது. ஒத்தவர் யாரிடமும் இல்லாதது அட்டவணையில் வராது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டத் தொடங்கிய மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வாரத்தில் கொள்ளிடத்தின் பழைய பாலத்தில் தூண்கள் சரிந்தன. 1928இல் திறந்த பாலம் அது. ஸ்ரீரங்கத்தையும் சிந்தாமணியையும் இணைக்கும் 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி, பேரிங்குகளையும் இணைப்புகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த நாலு மாதமும் ஊர் பட்ட பாடு நமக்குத் தெரியும். மணல் அள்ளிய ஆற்றுப்படுகையில் அடித்தளம் என்ன ஆகும், பழைய கட்டுமானத்தை எப்படிப் பரிசோதிப்பது, பாலத்தை மூடாமல் பழுது பார்க்க வழி உண்டா? நம் ஊரைச் சுற்றியே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம் கிடக்கிறது. எம்ஐடி சிலபஸில் முக்கொம்பு இருக்காது. அதனால் கேப் என்றும் யாரும் குறிக்க மாட்டார்கள்.

தொழிலிலும் அப்படித்தான். 1965 முதல் இயங்கும் பெல் கொதிகலன் ஆலை, 1975இல் அங்கே அமைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம், பொன்மலை ரயில்வே பணிமனை, துவாக்குடியைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். வெல்டிங்கில் திருச்சிக்கு இணையான ஊர் இந்தியாவில் அபூர்வம். அனல்மின் கொதிகலன் ஆர்டர்கள் சுருங்கிய பத்தாண்டில் அந்தப் பட்டறைகள் தடுமாறின. அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி அவற்றுக்கு முன்னால் நிற்கிறது. அதில் பொறியியல் கல்லூரிக்குப் பங்கு இருக்க வேண்டாமா?

யாரையும் பார்க்காமல் சேர்த்த பாடத்துக்கு ஒரு உதாரணம் 2022இல் வந்தது. 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று முதலாண்டில் ஒரு கிரெடிட் வீதம் இரண்டு பாடங்கள். பிந்தையதில் நெசவு, கட்டடக்கலை, உலோகம், பாசனம், தமிழ்க் கணினி என்று ஐந்து யூனிட். கேலி செய்தவர்கள் உண்டு. நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை, நடைமுறையில்தான் குறை. பாசன யூனிட்டை மனப்பாடம் செய்து எழுதும் திருச்சி மாணவரைக் கல்லணைக்கும் முக்கொம்புக்கும் அழைத்துப் போய், கட்டியதையும் உடைந்ததையும் காட்டி அளக்கச் சொன்னால், அந்த ஒரு கிரெடிட் ஒப்பீட்டு அட்டவணையில் எங்கும் இல்லாத பாடமாகிவிடும். ரெகுலேஷன் இதைத் தடுக்கவில்லை.

எனவே, ஒப்பீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உள்ளே வரும் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை, பாடத்தை மாற்றும் அதிகாரம் ஆகிய மூன்றும் நெருங்கிவரும் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து, நேரில் போய், வினாத்தாளையும் கால அட்டவணையையும் பார்த்து வருவதே ஒப்பீடு. வரும்போது எதைக் கைவிட்டார்கள் என்றும் கேட்டு வர வேண்டும். புகழ்பெற்ற நிறுவனங்களின் கையேடுகள் நூலகத்தில் இருக்கட்டும்.

இதற்கு ஏஐசிடிஇயின் அனுமதியும் வேண்டாம், உலக வங்கிப் பணமும் வேண்டாம். துவாக்குடி, சேதுராப்பட்டி, பஞ்சப்பூரின் தனியார் கல்லூரி, தஞ்சைச் சாலையில் சாஸ்த்ரா என்று ஐம்பது கிலோமீட்டருக்குள் எல்லா வகை நிறுவனமும் நமக்கு இருக்கின்றன: செனட் உள்ளது, நிகர்நிலை, தனியார், அரசு. இவற்றின் சிவில் துறைத் தலைவர்கள் வரும் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை கூடட்டும். ஆளுக்கு ஒரு கட்டு: சென்ற நவம்பர் தேர்வின் வினாத்தாள்களும், சராசரி மதிப்பெண் வாங்கிய மாணவரின் விடைத்தாள் ஐந்தும், பெயரை மறைத்து. சிலபஸ் புத்தகத்தை யாரும் எடுத்து வரவேண்டாம்.